ஓடையும் தேயிலையும் மீனும்: மலையக உணவு வரலாற்றில் நஞ்சு பற்றிய சில குறிப்புகள்

மலையகத் தோட்டத் தொழிலாளரின் வரலாறு பெரும்பாலும் கூலியின் வரலாறாகவும் குடியுரிமையின் வரலாறாகவும் எழுதப்பட்டு வந்துள்ளது. அதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் ஒரு மக்கட் கூட்டத்தையே நாடற்றோர் ஆக்கிற்று. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே அக்கணக்கு சட்ட அளவிலேனும் தீர்க்கப்பட்டது. எனினும், அம்மக்கள் எதை உண்டனர், அவ்வுணவு எந்த நீரிலிருந்து வந்தது, அந்நீரில் எவை எவரால் கலக்கப்பட்டன என்பனவும் வரலாற்று வினாக்களே. அவற்றுள் மிகச் சிறியதாகத் தோன்றும் ஒன்றை இங்கு எடுத்துக்கொள்கிறோம். நுவரெலியா, அற்றன் பகுதிகளின் ஓடைகளிலும் நீர்த்தேக்கங்களிலும் பிடிபடும் மீனும் நண்டும் தொழிலாளியின் சட்டிக்கு வந்து சேரும்வரை எவ்வெவற்றைக் கடந்து வருகின்றன என்பதே அது.

ஐந்திணை மரபில் மீன் நெய்தலுக்கும் மருதத்துக்கும் உரியது. குறிஞ்சியின் உணவு தினையும் தேனும் கிழங்கும். தமிழகத்துச் சமவெளிகளிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும், 1869இல் கோப்பியைத் தாக்கிய இலைநோய்க்குப் பின் தேயிலைத் தோட்டங்களுக்கும் கொண்டுவரப்பட்டவர்கள் இத்திணை ஒழுங்கைத் தம்மை அறியாமலே கலைத்தனர். நெய்தலின் உப்பு அவர்களோடு குறிஞ்சிக்கு ஏறிற்று. புகையிரதப் பாதை 1884இல் அற்றனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியபின், கீழே தேயிலைப் பெட்டிகள் இறங்கிய அதே வழியில் மேலே அரிசி மூட்டைகளும் கருவாட்டுச் சிப்பங்களும் ஏறின. தோட்டத்துக் கடையில் கடனுக்குக் கிடைத்த நெத்தலியும் கருவாடுமே நெடுங்காலம் லயத்து வாழ்வின் புரதம். அதுவும் எப்போதும் கிடைத்ததில்லை. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவு நெருக்கடியின்போது தோட்டப்புறங்களில் மரண வீதம் சடுதியாக உயர்ந்தமை அறிந்ததே. கடையில் எதுவும் இல்லாத நாளில் ஓடைக்குச் சென்று நண்டு பிடிப்பது பொழுதுபோக்கன்று.

அதே ஓடைகளில் இன்னொரு மீனும் இருந்தது. 1880களில் வெள்ளைத் துரைமாரும் குடியேற்ற நாட்டு அதிகாரிகளும் ஐரோப்பாவிலிருந்து ட்ரவுட் மீனின் முட்டைகளைப் பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவந்து நுவரெலியாவின் குளிர்ந்த ஓடைகளில் வளர்க்கத் தொடங்கினர். 1896இல் இலங்கை மீன்பிடிக் கழகம் தோற்றுவிக்கப்பட்டது. ட்ரவுட் விளையாட்டுக்குரிய மீன். தூண்டில் போட அனுமதிச் சீட்டு வேண்டும். நாம் இங்கே கவனிக்க விரும்புவது ட்ரவுட்டின் உடலியல்பை. தெளிந்த, குளிர்ந்த, ஒட்சிசன் மிகுந்த நீரில் மாத்திரமே அது வாழும். ஆதலால் அது நிலைத்த இடம் ஹோர்ட்டன் சமவெளி போன்ற உயர்நிலங்களே. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளின் தலைநீரும் அங்குதான் ஊறுகிறது. தேயிலை மலைகள் அதற்குக் கீழே தொடங்குகின்றன. துரையின் மீன் தேயிலைக்கு மேலும், தொழிலாளியின் மீன் தேயிலைக்குக் கீழும் அமைந்தன. எவரும் திட்டமிட்டு வகுத்த ஏற்பாடன்று இது. எனினும் நஞ்சு எத்திசையில் ஓடும் என்பதை அது தீர்மானித்துவிட்டது.

தேயிலைச் செடி நோயின்றி நின்ற காலம் குறுகியது. 1946இல் கொப்புள நோய் இலங்கையிற் பரவியது. இளங்கொழுந்தையே தாக்கும் இப்பங்கசு தேயிலைத் தொழிலின் உயிர்நாடியைத் தொட்டதனால், அதற்கெதிராகச் செம்புச் சேர்வைகள் பருவமழைக் காலந்தோறும் தெளிக்கப்பட்டன. செம்பு மனிதனுக்குச் சிற்றளவில் வேண்டப்படும் உலோகம். மீனின் பூவுக்கும் நண்டுக்கும் நத்தைக்குமோ அது மிகச் சிற்றளவிலேயே கேடு. அது சிதைந்து மறைவதில்லை. மண்ணோடு ஒட்டி நின்று, மண் அரிக்கப்படும்போது அதனோடு கீழிறங்கும். மழைக்காலத்தில் தெளிக்கப்படும் மருந்து மழையோடு போகும் என்பதைச் சொல்ல வேதியியல் கற்றிருக்க வேண்டியதில்லை. இலங்கையில் 50க்கும் மேற்பட்ட நன்னீர் நண்டு இனங்கள் உள்ளன. ஏறத்தாழ அனைத்தும் உலகில் வேறெங்கும் இல்லாதவை. அவற்றுட் பல மலைநாட்டு ஓடைகளுக்கே உரியவை.

இதனினும் நுணுகி நோக்க வேண்டியது டீல்ட்ரின் என்ற பூச்சிநாசினியின் கதை. தேயிலையின் இலைகளை நூலாற் பிணைத்து உள்ளிருந்து தின்னும் இலைசுருட்டிப் புழு நெடுங்காலம் தோட்டங்களைத் துன்புறுத்தியது. தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1930களின் நடுப்பகுதியில் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் ஹோமோனே என்ற சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து மலைகளில் விட்டது. குளவி நிலைபெற்றது; புழு அடங்கிற்று. மருந்தின்றிப் பீடையை அடக்கியமைக்கு உலகப் பூச்சியியலார் எடுத்துக்காட்டும் வெற்றிகளுள் இதுவும் ஒன்று. பின்னர் 1950களில், தண்டைத் துளைக்கும் சிறுவண்டை ஒழிக்கவென டீல்ட்ரின் தெளிக்கப்பட்டது. வண்டுக்கென அடித்த மருந்து குளவியைக் கொன்றது. அடங்கியிருந்த இலைசுருட்டிப் புழு மீண்டும் பெருகிற்று. ஒரு பீடையை அடக்கப்போய் இன்னொன்றை அவிழ்த்துவிட்ட இந்நிகழ்ச்சி தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்து ஆராய்ச்சியாளரால் ஆராயப்பட்டு, அச்சேறி, பாடநூல்களிலும் இடம்பெற்றது.

ஒரு கடுகளவுக் குளவியின் சாவு வரலாற்றில் இடம்பெற்றது. ஏனெனில் அதனாற் கொழுந்து குறைந்தது, கொழுந்து குறைந்ததனால் இலாபம் குறைந்தது. டீல்ட்ரினோ குளவியை மட்டும் கொல்லும் மருந்தன்று. நீரில் மிகச் சிறிதே கரைவதும் கொழுப்பில் எளிதிற் கரைவதும் ஆண்டுக்கணக்கில் மண்ணில் நிற்பதும் அதன் இயல்புகள். ஓடையில் இறங்கினால் மீன் மடியும். மடியாத மீனின் கொழுப்பில் அது சேரும். அம்மீனை உண்பவரின் கொழுப்புக்கும் தாய்ப்பாலுக்கும் செல்லும். கலிபோர்னியாவின் கிளியர் ஏரியில் 1949 முதல் கொசுகு போன்ற சிறுபூச்சியை ஒழிக்க டி.டி.ரி.யின் நெருங்கிய உறவான டி.டி.டி. ஊற்றப்பட்டது. நீரில் அற்பமாயிருந்த அது மிதவையுயிரில் பலமடங்காகவும், அவற்றை உண்ட மீனில் அதனினும் பலமடங்காகவும் செறிந்து, இறுதியில் மீனுண்ணும் பறவைகளைக் கொன்றது. ரேச்சல் கார்சன் 1962இல் வெளியிட்ட நூலால் இச்செய்தி உலகறிந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் அதே குடும்பத்து நஞ்சு நம் மலைகளில் தெளிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. கைவிசைத் தெளிகருவியை முதுகிற் சுமந்தவர்களும், வேலை முடிந்தபின் அதை ஓடையிற் கழுவியவர்களும், அவ்வோடையின் கீழ்க்கரையில் குடத்தை நிரப்பியவர்களும் ஒரே குடும்பத்தினராயிருந்தனர்.

பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் 1980இல் வந்தது. குளோரீன் சார்ந்த பழைய பூச்சிநாசினிகள் படிப்படியாக விலக்கப்பட்டன. மீனினத்துக்குக் கொடிய எண்டோசல்பான் 1998இல் தடைசெய்யப்பட்டது. இவை சிறிய காரியங்கள் அல்ல. ஆயின் தோட்டங்களோ கைமாறிக்கொண்டிருந்தன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தால் அரசுடைமையாகி, 1992இல் முகாமைக்காகப் பிராந்தியக் கம்பனிகளிடம் சென்றன. உடைமை மாறிற்று, தெளிகருவி மாறவில்லை.

இனி நீர்த்தேக்கங்களுக்கு வருவோம். மலையகத்தில் உள்ளூர் மீன் என்பது இன்று பெரும்பாலும் நீர்த்தேக்க மீனே. கெஹெல்கமு ஓயாவை மறித்துக் காசல்ரீ நீர்த்தேக்கமும், மஸ்கெலி ஓயாவை மறித்து மவுசாக்கலை நீர்த்தேக்கமும் 1960களில் எழுந்தன. பழைய மஸ்கெலியா நகரம் நீருள் மூழ்கிற்று; வரட்சிக் காலத்தில் அதன் கோவிலும் பள்ளிவாசலும் விகாரையும் இன்றும் வெளித்தெரியும். கொத்மலை 1985இலும், தலவாக்கலையை அடுத்த மேல் கொத்மலை 2012இலும் வந்தன. மின்சாரம் கொழும்புக்குச் சென்றது. மீன் மட்டும் இங்கே தங்கிற்று. 1952இல் ஆபிரிக்காவிற்குரிய திலாப்பியா இலங்கை நீர்நிலைகளில் விடப்பட்டது. உள்நாட்டு மீன்பிடியை நடைமுறையிற் சாத்தியமாக்கியது அதுவே. 1990இல் மதச் சார்பான எதிர்ப்பினால் அரசு உள்நாட்டு மீன்வளத்துக்கான ஆதரவை நிறுத்தி, 1994இல் மீண்டும் தொடங்கியது. தூண்டிலும் வலையும் வைத்திருந்த ஏழைகளிடம் அவ்விடைக்காலத்தில் எவரும் கருத்துக் கேட்டதாகத் தோன்றவில்லை.

புதிதாக நிலம் மூழ்கும்போது நிகழும் ஒன்றைக் கனடாவின் அனுபவம் விளக்கியது. கியூபெக் மாகாணத்தில் லா கிராண்ட் ஆற்றின் பெரும் அணைகள் 1970களின் இறுதியில் நிரம்பத் தொடங்கின. மூழ்கிய மண்ணிலும் தாவரத்திலும் இயல்பாகவே இருந்த பாதரசத்தை, அழுகல் நடைபெறும் நீரடியில் வாழும் பற்றீரியாக்கள் மெதைல் பாதரசமாக மாற்றின. ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் வெளிப்பட்ட நரம்பு நோய்க்குக் காரணமானது இவ்வடிவமே. ஆனால் மினமாட்டாவில் ஒரு தொழிற்சாலை அதைக் கடலில் கொட்டியது. இங்கோ எவரும் எதையும் கொட்டவில்லை, அணை கட்டியதே போதுமாயிருந்தது. மீன்களில் பாதரசம் பன்மடங்கு உயர்ந்தது. அம்மீனையே நம்பி வாழ்ந்த கிறீ பழங்குடி மக்களிடம் மீனைக் குறைக்கும்படி கூறப்பட்டது. அவர்கள் குறைத்தனர், அவ்விடத்தைக் கடையுணவு நிரப்பிற்று, மீனோடு பிணைந்திருந்த வாழ்க்கை முறையும் ஆட்டங்கண்டது. 1986இல் கிறீ மக்களும் மாகாண அரசும் மின்சார நிறுவனமும் பாதரசம் குறித்து ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். மீனையும் மக்களையும் தொடர்ந்து அளந்து பார்ப்பதும் அதன் பகுதியாயிற்று.

இத்தகைய பாதரச உயர்வு மூழ்கலுக்குப்பின் 20, 30 ஆண்டுகளில் தணியும் இயல்பினது. காசல்ரீயும் மவுசாக்கலையும் அக்காலத்தைக் கடந்துவிட்டன; மேல் கொத்மலை பரப்பிற் சிறியது. ஆகவே எமது நீர்த்தேக்கங்களைப் பொறுத்தவரை முதன்மையான கவலை அடியிலிருந்து எழுவது பற்றியதன்று, மேலிருந்து வந்துசேர்வது பற்றியதே. நுவரெலியாவின் உருளைக்கிழங்கு, லீக்ஸ், கரட் பாத்திகளின் உரமும் மருந்தும், நகரங்களின் கழிவுநீரும், லயங்களின் போதிய மலகூட வசதியின்மையும் யாவும் ஓடைவழி இறங்குகின்றன. ஆளுநர் கிறகரியின் காலத்தில், 1873இல் அமைந்த வாவி, நகரின் அழகுக்காக எழுந்தது. இன்று அது சுற்றியுள்ள தோட்டங்களின் போசணைப் பொருளை ஏற்றுப் பாசி பூக்கும் நீர்நிலை. அதன் நீர் நானுஓயா வழியே கொத்மலை ஓயாவை அடைகிறது.

பொசுபேற்று உரத்தில் கலந்துவரும் கட்மியம் பற்றி ஒரு பெரிய வாதமே எழுந்தது. வடமத்திய மாகாண விவசாயிகளிடையே பரவிய சிறுநீரக நோயை அரிசியிலும் திலாப்பியாவிலும் உள்ள கட்மியத்தோடு 2008இல் வெளியான ஓர் ஆய்வு தொடர்புபடுத்தியது. மேல்நாட்டுப் பயிர்நிலங்களின் உரம் மகாவலி வழியே கீழ்நாட்டை அடைகிறது என அதே ஆய்வாளர் 2011இல் வாதிட்டனர். பின்வந்த ஆய்வாளர் பலர் இதனை மறுத்தனர். அந்நோயின் காரணம் இன்றும் விவாதத்துக்குரியது. அவ்வாதத்தின் தீர்ப்பு இங்கு எமக்கு வேண்டியதில்லை. மலையகம் அதில் எவ்வாறு தோன்றுகிறது என்பதே எம்மை உறுத்துகிறது: கீழே உள்ளவர்களுக்கு நஞ்சனுப்பும் நிலமாக அது தோன்றுகிறது, அந்நிலத்தின் ஓடையில் மீன் பிடித்து உண்போர் அதில் தோன்றுவதேயில்லை.

தேயிலை இலையின் நிலை வேறு. ஜப்பான் 2006இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஒழுங்கின்படி, தனி எல்லை வகுக்கப்படாத பீடைகொல்லி எதுவும் உணவில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது. இலங்கையில் 2015இல் கிளைபோசேற் தடைசெய்யப்பட்டபின், களையை அடக்க எம்.சி.பி.ஏ. என்ற களைநாசினியைத் தோட்டங்கள் நாடின. அதன் எச்சம் எல்லையை மீறித் தேயிலையில் இருப்பதை ஜப்பானிய வாங்குவோர் கண்டனர். தேயிலை வணிகம் கலங்கிற்று. 2018 யூலையில் தேயிலைக்கும் றப்பருக்குமாகக் கிளைபோசேற் தடை தளர்த்தப்பட்டது. பல்லாயிரம் மைல்களுக்கப்பால் ஒரு கோப்பை தேநீரில் இருக்கக்கூடிய நுண்ணளவுக்காக ஓர் அரசு தன் கட்டளையையே மாற்றிற்று. அது தவறென்று நாம் கூறவில்லை. அதே களைநாசினி கழுவப்பட்ட ஓடையின் மீனோ, கரையிலிருந்து சட்டிவரை எந்த ஆய்வுகூடத்தையும் கடப்பதில்லை. இலைக்கு வாங்குவோர் உண்டு. மீனுக்கு உண்போர் மட்டுமே உண்டு.

அளந்து பார்த்தால் என்ன தெரியவரும் என்பதற்குத் தமிழகத்தின் மலைநகரொன்றே சான்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் மீண்டும் மலைவாழ்வைத் தொடங்கினர். கொடைக்கானலில் 1980களில் ஒரு வெப்பமானித் தொழிற்சாலை அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது. பாதரசம் கலந்த கண்ணாடிச் சிதறல்கள் பழைய பொருட்கடையிற் கிடந்தமை 2001இல் வெளிப்பட்டு, ஆலை மூடப்பட்டது. ஐதராபாத் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட கட்டுரையின்படி, கொடை ஏரியின் மீன்களில் கிலோவுக்கு 120 முதல் 290 மைக்கிரோகிராம் பாதரசம் இருந்தது. சற்றுத் தொலைவிலுள்ள பேரிஜம் ஏரி மீன்களில் 15 முதல் 35 மட்டுமே.

இவ்வெண்களைச் சிறிது ஆராய்வது பயன்தரும். பல நாடுகளில் விற்பனைக்குரிய மீனின் எல்லை கிலோவுக்கு 500 மைக்கிரோகிராம். அதன்படி கொடை ஏரி மீன் சட்டத்துக்கு உட்பட்டதே. ஆனால் உணவு வேளாண்மை நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டாக அமைத்த நிபுணர் குழு, 2003இல், ஒருவர் தம் உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 1.6 மைக்கிரோகிராம் மெதைல் பாதரசத்துக்கு மேல் உட்கொள்ளலாகாது என்றது. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது வாரம் 80 மைக்கிரோகிராம். மீனிலுள்ள பாதரசத்தின் பெரும்பகுதி இவ்வடிவினதே. முழுவதும் அதுவெனவே கொள்வோம். அப்போது 290 அளவுள்ள மீனில் வாரம் சுமார் 275 கிராமோடு எல்லை முடிகிறது. 15 கிலோ எடையுள்ள குழந்தைக்குச் சுமார் 80 கிராம். பேரிஜம் மீனாயின் அப்பெண் வாரம் 2 கிலோவுக்கு மேலும் உண்ணலாம். எனவே "இந்த மீன் நல்லதா, கெட்டதா?" என்ற கேள்வி அரைகுறையானது. யார், எந்த நீரிலிருந்து, வாரத்தில் எவ்வளவு என்ற மூன்றும் சேர்ந்தால்தான் விடை உண்டு.

மீனைத் தவிர்த்துவிடுங்கள் என்று கூறுதல் எளிது. மலையகத்தில் அது கொடுமையும் ஆகும். 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் உயரக்குறைவு உள்ளோர் நாடளவில் சுமார் 17 சதவீதம். தோட்டத்துறையில் சுமார் 32 சதவீதம். புரதமும் இரும்புச்சத்தும் குறைந்த தட்டிலிருந்து மீனையும் எடுத்துவிட எவருக்கும் உரிமையில்லை. எடுக்க வேண்டாத வகையில் உண்ணும் வழிகள் உள. தாவரத்தையும் பாசியையும் உண்ணும் திலாப்பியா போன்றவற்றிலும் சிறு மீன்களிலும் பாதரசம் குறைவாகவே சேரும். பிற மீன்களைத் தின்று நெடுங்காலம் வாழும் பெருமீனிலும், கொழுப்பு மிகுந்த விலாங்கிலும் நஞ்சு மிகுதியாகத் தங்கும். கொழுப்பிற் கரையும் பூச்சிநாசினி தோலிலும் வயிற்றுப் பகுதியிலும் ஈரலிலும் நிற்பதால் அவற்றை நீக்குவது பயன்தரும். தசையிற் கலந்த பாதரசத்தை எவ்வகைச் சமையலும் நீக்காது. நண்டின் ஓட்டினுள் உள்ள மஞ்சட் பகுதி சுவையானது என்பதை மறுக்கோம்; கட்மியம் சேருமிடமும் அதுவே. இலங்கையின் நன்னீர் நண்டுகளில் நுரையீரல் தட்டைப்புழுவின் குடம்பிகள் கண்டறியப்பட்டுள்ளமையால், அரைவேக்காட்டு நண்டு ஆகாது; இதற்கு மட்டும் நெருப்பு முழு மருந்து. கருவுற்ற பெண்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் ஒரே நீர்நிலையின் மீனையே நாள்தோறும் கொடாது மாற்றிக் கொடுத்தல் நன்று. மருந்து தெளித்த வாரத்தின் முதல் மழைக்குப்பின் பிடிபட்ட மீனையும், செத்தோ மயங்கியோ மிதந்த மீனையும் தொடவே கூடாது.

மிதக்கும் மீன் பற்றி ஒரு சொல். ஓடையில் நஞ்சு கலந்து மீன் பிடித்தலை 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் நீர்வாழ் உயிரினச் சட்டம் குற்றமாக்குகிறது. அது சரியே. ஆயின் மீனைப் பிடிப்பதற்காக ஓடையில் மருந்து கலக்கும் இளைஞன் குற்றவாளியாகிறான். கொழுந்தைக் காப்பதற்காகத் தெளித்த அதே மருந்து மழையோடு அதே ஓடையில் இறங்கி அதே மீனைக் கொன்றால், அது தொழில்முறை. ஓடைக்கரையில் தெளிக்காத ஒரு பட்டையை விடுவதும், தெளிகருவி கழுவ ஓடைக்கு அப்பால் ஒரு குழியமைப்பதும் தோட்ட நிருவாகங்களுக்குப் பெருஞ்செலவல்ல.

கிறீ மக்களின் உடன்படிக்கை போன்ற ஒன்று மலையகத்துக்கும் அமைய வேண்டுமாயின், வேண்டப்படுவன அரியவை அல்ல. காசல்ரீ, மவுசாக்கலை, மேல் கொத்மலை, கிறகரி வாவி ஆகியவற்றில், வரட்சியிலும் மழையிலுமாக ஆண்டுக்கு இருமுறை மீன் மாதிரிகள் எடுத்துப் பாதரசமும் கட்மியமும் செம்பும் பூச்சிநாசினி எச்சமும் அளக்கப்பட்டு, அம்முடிவுகள் தொழிற்சங்கங்கள் வழியாகவும் தோட்டத்து மருத்துவ மாதுகள் வழியாகவும் லயங்களுக்குத் தமிழிலே சென்றால் அதுவே தொடக்கம். இதற்கான கருவிகள் நாட்டின் பல்கலைக்கழகங்களில் உள்ளன. தலவாக்கலையில் தேங்கும் நீர், கொத்மலை ஓயாவாக இறங்கி மகாவலியிற் கலந்து, பேராதனை வளாகத்தின் விஞ்ஞானபீடத்துக்கு அண்மையிலேதான் ஓடுகிறது.